அறுத்து ஒட்டிய போல்ட் தலை

மகனே,

நலம் விசாரித்துத் தொடங்கும் கடிதம் அல்ல இது. சுகமாக இருக்கிறேன் என்று எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகிவிடும். போன திங்கட்கிழமை நீ என் கையில் தந்துவிட்டுப் போன அச்சுப்படியை வாசித்தேன். மறைந்த செல்லத்துரையின் படத்தைப் பாறசாலை வாசகசாலையில் திறந்துவைக்கும் ஞாயிற்றுக்கிழமை வெளியிடுவதற்காக நீ எழுதிய சிறு புத்தகம். எல்லைப் போராட்டத்தில் ஒரு காலை இழந்த மனிதரைப் பற்றி, தமிழ் வாத்தியாராகிய நீ, பிழை இல்லாமல், நல்ல நடையில் எழுதியிருக்கிறாய்.  பதினொன்றாம் பக்கம் வந்தபோது எழுந்துபோய் வாழை மூட்டில் நின்று வாந்தி எடுத்தேன். உன் அம்மா வெயில் பட்டுவிட்டது என்று நினைத்து மோர் கலக்கித் தந்தாள். அந்தப் பக்கத்தில் நீ எழுதியிருப்பது இது: நெய்யாற்றின்கரையில் பட்டறை வைத்திருந்த பாஸ்கரன் என்கிற மலையாளி, செல்லத்துரையின் மோட்டார் சைக்கிளில் முன்சக்கர போல்ட்டை அறுத்துவைத்து அவரைக் கொல்லப் பார்த்தான். மகனே, அந்த போல்ட்டை அறுத்தது நான்.

இதை இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய்.  நடந்ததை மட்டும் சொல்கிறேன். நம்முடைய ஊர்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமுமாக இருந்த வருடங்கள் அவை. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. பாறசாலைச் சந்தைக்குப் போகும் வழியில் ஓலைக்கூரை போட்ட ஒரு பட்டறை வைத்திருந்தேன். கேட்டது நியாயமான காரியம், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். என் அருவருப்பு அந்தக் கோரிக்கையின் மேல் அல்ல, அதை மேல்சட்டை மாதிரி மாட்டிக்கொண்டு நான் நடந்த நடையின் மேல். போராட்டக் கமிட்டிக்காரர்கள் வந்து என் பட்டறைக்குத் தமிழில் ஒரு போர்டு எழுதி மாட்டினார்கள். அதுவரை எனக்குப் போர்டே கிடையாது, ரிப்பேர் செய்கிறவன் என்று எல்லாருக்கும் தெரியும், அவ்வளவுதான். போர்டு ஏறிய மறுவாரம் முதல் நான் தமிழ் மெக்கானிக். நெய்யாற்றின்கரைப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த பாஸ்கரன் மலையாள மெக்கானிக், ஏனென்றால் அவருடைய போர்டு மலையாளத்தில் இருந்தது. அவர் வீட்டில் அம்மாவிடம் பேசியது தமிழ். நான் கோர்ட்டு வராந்தாவில் ஆட்களிடம் பேசியது மலையாளம். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டே ஒரு பலகையை வைத்து மனிதனைத் தரம் பிரித்தோம்.

அதற்கு முன்னால் பாஸ்கரன் அண்ணன் இல்லாமல் என் தொழில் நடந்தது கிடையாது. என்னிடம் நாலு ஸ்பானரும் இரண்டு சுத்தியலும் ஓர் அரமும்தான். அவரிடம் நெஞ்சை முட்டுக்கொடுத்துக் கையால் சுற்றும் ஒரு டிரில் இருந்தது, மரை வெட்டும் டேப் ஒரு செட் இருந்தது. எனக்கு ஒரு போல்ட் ஒடிந்தால் அந்தப் பாகத்தைக் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு அமரவிளைப் பாலம் கடந்து அவரிடம் போவேன். அவர் ஒடிந்த முகத்தை அரத்தால் மட்டமாக ராவுவார். நட்டநடுவில் ஒரு புள்ளி குத்துவார், அந்தப் புள்ளி நூலிழை தவறினாலும் அழித்துவிட்டு மறுபடி குத்துவார். பிறகு துளை போட்டு, நாலு பட்டையாக ராவிய எஃகுத் துண்டு ஒன்றைத் துளைக்குள் அடித்து இறக்கி, அதைப் பிடித்து மெல்லத் திருப்புவார். உள்ளே செத்துக் கிடந்த போல்ட் ஒரு முனகல் முனகிவிட்டுச் சுற்றத் தொடங்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் பக்கத்தில் நிற்பேன். போராட்டம் சூடுபிடித்ததும் நம்மாள் யாரும் அந்தப் பட்டறைக்குப் போகக் கூடாது என்று கமிட்டியில் பேசி வைத்தார்கள். நானும் தலையாட்டினேன். எதை வைத்து வேலை செய்யப் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, எனக்கும் அதைச் சொல்லத் துணிவு வரவில்லை.

செல்லத்துரை அப்போது கமிட்டியின் தபால்காரர் மாதிரி. யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று அவருக்கு இருந்தது. குளத்தூர்க் கடற்கரை முதல் மலையோரம் வரை நோட்டீசும் செய்தியும் கொண்டுபோவது அந்த வண்டிதான். ஒருநாள் மத்தியானம் முன்சக்கரம் ஆடுகிறது என்று வண்டியை நிறுத்தினார். "பேரிங்கு போச்சு போல. வெக்கம் பாரு மக்கா, நாலு மணிக்கு நெய்யாற்றின்கரையில கூட்டம் உண்டு, நோட்டீசு எல்லாம் எனக்க கையிலயாக்கும்," என்றார். வெக்கம் என்றால் நம் பக்கத்தில் சீக்கிரம் என்று உனக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் அதைத் திருத்திக்கொண்டிருப்பாய். அந்த வண்டியில் முன்சக்கரத்தின் அச்சு இரண்டு பக்கமும் ஃபோர்க் என்கிற கவைக்கம்பியின் கால் நுனியில் உட்காரும். பக்கத்துக்கு ஒரு மூடி கீழிருந்து அதைத் தாங்கும், ஒவ்வொரு மூடியையும் இரண்டு போல்ட் பிடிக்கும். கடற்கரை உப்புக்காற்றில் ஓடி ஓடி அந்த போல்ட் நாலும் வெள்ளைப் பொடி பூத்து இறுகிப்போயிருந்தன. மூன்று கழன்றுவிட்டன. இடது பக்கத்தில் ஒன்று மட்டும் அசையவில்லை.

இறுகிய போல்ட்டுக்கு என்ன வேண்டும் என்று நீயே பட்டறையில் வளர்ந்தவன், உனக்குத் தெரியும். மண்ணெண்ணெய் விட்டுக் காத்திருக்கவேண்டும். தலையில் சுத்தியலால் தட்டித் துருவை அதிரவைக்கவேண்டும். புளோ லாம்ப் தீயைக் காட்டிச் சுற்றுப்புறத்தைச் சூடாக்க வேண்டும். கழற்றுவதற்கு முன் ஒரு மயிரிழை இறுக்கிப் பார்க்கவேண்டும், பிறகு தளர்த்த வேண்டும், பிறகு இறுக்கவேண்டும், இப்படி அதைப் பேசி வெளியே கொண்டுவரவேண்டும். எனக்கும் அன்றைக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஆனால் செல்லத்துரை பக்கத்தில் நின்று மணி பார்த்தார், கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "நம்ம மெக்கானிக்காக்கும், இப்பம் முடிச்சுத் தருவான்," என்று என் தோளில் தட்டினார். அந்தத் தட்டில் நான் வீங்கிப்போனேன். ஸ்பானரின் வாலில் இரண்டடி இரும்புக் குழாயைச் சொருகி ஒரே இழுப்பாக இழுத்தேன். ஒடிவதற்கு முன்னால் போல்ட் ஒரு கணம் இளகும். கழன்றுவிட்டது என்று கை சந்தோஷப்படும். என் கையும் சந்தோஷப்பட்டது. அடுத்த கணம் தலை ஸ்பானரோடு என் கையில் வந்தது, மிச்சம் ஃபோர்க்குக்குள் நின்றுவிட்டது.

தோளில் தட்டிய கையோடு இரண்டு பேரும் வெளியே டீக்கடைப் பக்கம் போயிருந்தார்கள். கூப்பிட்டு ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். போல்ட் ஒடிந்துபோச்சு, இந்த வண்டி இன்றைக்குப் போகாது, பாஸ்கரனிடம் கொண்டுபோகவேண்டும். சொன்னால் தமிழ் மெக்கானிக்குக்கு ஒரு போல்ட் கழற்றத் தெரியவில்லை என்று ஆகும், மலையாளத்தான் பட்டறையில் போய் நிற்கவேண்டும் என்று ஆகும். மகனே, ஒரு மனிதனுடைய உயிருக்கு முன்னால் நான் யோசித்தது இந்த அற்பத்தை. பேரிங் மாற்றிச் சக்கரத்தை மாட்டினேன். ஒடிந்த முனை கோணலாக இருந்ததால் தலை மூடியோடு படியவில்லை. இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு எடுத்துத் தலைக்குக் கீழே அறுத்தேன், அரத்தால் ராவினேன், சிவப்பு அரக்கை உருக்கி அந்தத் தலையை அதன் இடத்தில் ஒட்டினேன். மேலே கிரீசும் புழுதியும் தடவினேன். நாலு போல்ட்டும் முழுசாக இருப்பதுபோல இருந்தது. அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன் ஒரு வேலையும் செய்ததில்லை, அதுதான் இப்போதும் எனக்கு அருவருப்பு. அந்த மூடிக்கு மிச்சமிருந்த ஒரு போல்ட் ஒருநாள் தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். செல்லத்துரை வண்டியை உதைத்துக் கிளப்பி, "வாறேன் மக்கா," என்று கை காட்டிவிட்டுப் போனார்.

அமரவிளைப் பாலத்துக்கு முன்னால் உள்ள இறக்கத்தில் அந்த ஒற்றை போல்ட் தளர்ந்து மூடி தொங்கிவிட்டது. அச்சு ஒரு பக்கம் வெளியே வந்தது, சக்கரம் கோணிற்று. ஆளும் வண்டியும் எதிரே வந்த காளை வண்டிக்கு அடியில் போனார்கள். நோட்டீஸ் எல்லாம் ரோட்டில் பறந்துகிடந்தது என்று எழுதியிருக்கிறாய், அது சரிதான். அவருடைய வலது காலை முட்டுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உடைந்த வண்டியைப் போலீஸ் கொண்டுபோய் ஸ்டேஷனில் போட்டது. இரண்டு நாளில் செய்தி எப்படியோ கசிந்து ஊருக்கு வந்தது. போல்ட் தானாக ஒடியவில்லையாம், யாரோ அறுத்திருக்கிறார்களாம். அதற்கு இரண்டு வாரம் முன்பு கூட்டத்துக்குப் போன இடத்தில் கிளட்ச் கம்பி அறுந்து, வேறு வழியில்லாமல் செல்லத்துரை அந்த வண்டியைப் பாஸ்கரனிடம் காட்டியிருந்தார். அது ஒருவருக்கு நினைவு வந்தது. அவ்வளவு போதுமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில், என் தோளில் தட்டிய அந்தக் கமிட்டிக்காரர் பத்துப் பதினைந்து பேரோடு என் பட்டறைக்கு வந்தார். "லே, கடைசியா சக்கரத்த கழத்தினது நீயாக்கும். மறைக்காம சொல்லு. அந்த போல்ட்டுல அறுத்த அடையாளம் உண்டா, இல்லியா?" என்று கேட்டார். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான், "அறுத்த அடையாளம் உண்டு," என்றேன். பார்த்திருந்தால் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை, நான் நம்மாள். பாஸ்கரன் என்ற பெயரை நான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்குள் வாதாடியிருக்கிறேன். சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை, அதை அவர்களே வைத்திருந்தார்கள். "அப்பம் அந்த மலையாளத்தானாக்கும்," என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். பேருந்து பிடித்து நெய்யாற்றின்கரைக்குப் போனோம். போனோம் என்றுதான் எழுதுகிறேன், நானும் போனேன். பட்டப்பகலில், ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, அந்தப் பட்டறையின் கூரையை இழுத்துத் தள்ளினார்கள், சாமான்களை வாரி நெய்யாற்றில் எறிந்தார்கள். பாஸ்கரன் அண்ணன் நடுவில் நின்று, "ஞான் அந்தச் சக்கரத்தத் தொட்டதே இல்ல," என்று இரண்டு பாஷையிலும் மாறி மாறிச் சொன்னார். என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன். என் கால்மாட்டில் அவருடைய டிரில் கிடந்தது. ஆற்றில் போவதைவிட என்னிடம் இருக்கட்டும் என்று அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டேன். ஒரு மனிதனின் பிழைப்பை அழித்த கையோடு அவனுடைய கருவியையும் எடுத்துக்கொண்டு வந்த உன் அப்பனைப் பற்றி, ஒடிந்த போல்ட்டை எடுப்பதில் இந்தத் தாலுகாவிலேயே வல்லவர் என்று பதினான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். எடுத்ததெல்லாம் அந்த டிரிலால்தான். நீ பழகியதும் அதில்தான்.

பிறகு தெற்கே நாலு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாம் இந்தப் பக்கம், மலையாளத்தோடு நின்றோம். கமிட்டிக்காரர்கள் வேறு வேலை பார்க்கப் போனார்கள். பாஸ்கரன் ஆரியங்கோட்டுப் பக்கம் போய் ரப்பர் வெட்டுக்கு நின்றார். அவர் திரும்பப் பட்டறை போடவில்லை, சதி செய்கிறவனிடம் யார் வண்டியைக் கொடுப்பார்கள்? செல்லத்துரை கட்டைக்காலோடு வாரம் இரண்டு தடவை நம் பட்டறைக்கு வந்து உட்காருவார், உன்னைத் தூக்கி மடியில் வைத்துக் கொஞ்சுவார், உன் அம்மா கையால் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் சாப்பிடுவார். நான் அவருக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிடமாட்டேன், வேலை இருக்கிறது என்று எழுந்துபோவேன். அதை மரியாதை என்று நினைத்து நீயும் எழுதியிருக்கிறாய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். காலேஜ் விடுமுறையில் நீ பட்டறையில் நின்றபோது ஒரு போஸ்ட்மாஸ்டரின் வண்டியில் சைலன்சர் போல்ட்டை ஒடித்துவிட்டாய். ஒடித்த கையோடு என்னிடமும் அவரிடமும் சேர்த்து, "ஒடிஞ்சு போச்சு, எனக்க தப்பாக்கும், நாளைக்கு எடுத்துத் தாறேன்," என்றாய். போஸ்ட்மாஸ்டர் சரி என்று சொல்லிவிட்டு நடந்துபோனார். அவர் போனதும் நான் உன் கன்னத்தில் அடித்தேன். ஏன் அடித்தேன் என்று நீ கேட்கவில்லை, போல்ட்டுக்காக என்று நினைத்திருப்பாய். போல்ட்டுக்காக இல்லை. அந்த வாக்கியம் உனக்கு அவ்வளவு லேசாக வந்தது, எதிரில் நின்ற மனிதர் அவ்வளவு லேசாகச் சரி என்றார், அதை என்னால் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு நீ பட்டறைப் பக்கம் வருவது குறைந்துவிட்டது. உன்னை அடித்த அந்தக் கையை நினைத்தாலும் எனக்கு அருவருப்பாகத்தான் இருக்கிறது.

உன் அச்சுப்படியை வாசித்த மறுநாள், டிரிலை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஆரியங்கோட்டுக்கு பஸ் ஏறினேன். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். பாஸ்கரன் அண்ணன் முற்றத்தில் ரப்பர் ஷீட்டைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். இரி என்று உட்காரச் சொல்லவில்லை. "எந்து வேணும்?" என்றார்.  "அண்ணே, செல்லத்துரைக்க வண்டியில போல்ட்ட அறுத்தது நானாக்கும்," என்றேன். அவர் ஷீட்டின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே, "அது எனக்கு அறியும்," என்றார். எப்போதிலிருந்து என்று கேட்டேன். "பிற்றேநாளு மொதல், மறுநாளே. போலீசுகாரனுவ வண்டியப் பாக்க என்னையாக்கும் விளிச்சானுவ. மூடிக்குள்ள செவப்பு அரக்கு. கைக்கு எட்டாத எடத்துல அரக்கு வச்சு நட்டுவள ஒட்டி நிறுத்துறவன் இந்தத் தாலுக்கால நீ ஒருத்தன்தானே. எத்தற தடவ அதப் பாத்து நான் சிரிச்சிருக்கேன்." அப்படியானால் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, ஆனாலும் கேட்டேன். அவர் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போயி செல்லத்துரைகிட்ட சொன்னேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? அண்ணே, இப்பம் அத சொன்னா நம்ம காரியத்துக்குக் கொறச்சிலாக்கும், கொஞ்சநாள் பொறுங்கன்னான். மறுநாள் நீங்க எல்லாரும் வந்து கூரைய இழுத்தீங்க."

மகனே, அந்த முற்றத்தில் நின்று நான் யோசித்தேன். செல்லத்துரைக்குத் தெரிந்திருக்கிறது. என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு, உன்னைக் கொஞ்சிக்கொண்டு, தன் காலை வாங்கியவன் யார் என்று தெரிந்துகொண்டே எனக்கு முன்னால் அத்தனை வருடம் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். மெக்கானிக்கின் கைக்குற்றத்தால் கால் போனவனைவிடச் சதியால் கால் போனவன் பெரியவன். எனக்கு என் பேர் வேண்டியிருந்தது, அவருக்கு அவர் பேர் வேண்டியிருந்தது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஆள் விலை கொடுத்தார். செல்லத்துரையைத் திட்டலாம் என்று மனம் ஓடியது. உடனே என் மேலேயே சீ என்று வந்தது. திட்டினால் என் பாரம் பாதி குறையும், அதற்காகத்தான் அந்த ஆசை. நான் பையிலிருந்து டிரிலை எடுத்து நீட்டினேன். பாஸ்கரன் அண்ணன் அதை வாங்கவில்லை. கைப்பிடியை மட்டும் பார்த்துவிட்டு, "துரு பிடிக்காம வச்சிருக்கியே," என்றார். அதைக் கேலியாகச் சொன்னாரா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

நான் மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "ஒனக்க மவனுக்கு இது அறியுமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பம் நீ இன்னும் ஒருத்தர்கிட்டயும் ஒண்ணும் சொல்லல்ல. எனக்குத் தெரிஞ்சத எனக்கிட்ட வந்து சொல்லிட்டுப் போறதுக்கு எதுக்குலே பஸ் கூலி?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் டிரிலைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். 

அதனால்தான் இதை எழுதுகிறேன். உன்னிடம் வாயால் சொல்லியிருக்கலாம், உன் வீடு கூப்பிடுதூரத்தில்தான் இருக்கிறது. நான் பேசும்போது என் முகத்தைப் பார்த்து நீ இரங்கிவிடுவாய் என்று பயந்தேன். இரக்கம் எனக்கு வேண்டாம், இரங்கத்தக்கவனாக நான் எதுவும் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் புத்தகத்தை என்ன செய்வதென்று நீ முடிவு செய். பதினொன்றாம் பக்கத்தைக் கிழித்துவிட்டு மிச்சத்தை விற்றால் அதுவும் அரக்கு வைத்து ஒட்டுவதுதான். இந்தக் கடிதத்தை அந்த மேடையில் முழுசாக வாசிக்க உனக்கு மனம் வந்தால் வாசி, நான் முன்வரிசையில் இருப்பேன், எழுந்துபோக மாட்டேன். ஆனால் அதற்கு முன்னால் ஒரு காரியம் இருக்கிறது. இதை வாசித்து முடித்ததும் என்னைத் தேடி வராதே. ஆரியங்கோட்டுக்குப் போ. கதவைத் தட்டு. யாரென்று கேட்டால் யாருடைய மகன் என்று சொல்லிவிட்டு, "எனக்கு அறியும்" என்று சொல்.

அப்பா